கும்பகோணத்திலிருந்து மீனம்பாக்கம்: கார் வைக்காமல் போக முடியுமா?

கேள்வி: என் தங்கை கோலாலம்பூரில் இருக்கிறாள். அவளுடைய பிரசவத்துக்காக 67 வயதான என் அம்மாவும் 61 வயதான சித்தியும் சென்னையிலிருந்து இரவு 11.50 மணி விமானத்தில் போகிறார்கள். திருச்சியைவிடச் சென்னையில் ஆளுக்கு 1,400 ரூபாய் குறைவு என்பதால் அங்கிருந்து டிக்கெட் எடுத்துவிட்டேன். இப்போது கும்பகோணத்திலிருந்து விமான நிலையம் போய்வர வாடகைக் காருக்கு 8,500 ரூபாய் கேட்கிறார்கள், டோல் தனியாம். ரயிலில் எழும்பூர் போய் மெட்ரோ பிடிக்கலாம் என்று நண்பர் சொல்கிறார். பஸ்தான் வசதி என்கிறார் மாமா. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. பெரிய பெட்டி இரண்டு, கைப்பை இரண்டு. நான் கூடப் போய் ஏற்றிவிட்டுத் திரும்புவேன். ஒன்றரை மாதம் கழித்து அவர்கள் திரும்பும் விமானம் இரவு 10.20 மணிக்கு இறங்குகிறது. எப்படிப் போவது, எப்படி வருவது? இன்னும் இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாக அவகாசம் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

விமானச் சீட்டும் பயண ஏற்பாடும் செய்துகொடுக்கும் தொழிலில் இருப்பதால் இதே கேள்வி டெல்டா மாவட்டங்களிலிருந்து எனக்கு அடிக்கடி வருவதுண்டு. பெரும்பாலானவர்கள் காரா, ரயிலா, பஸ்ஸா என்று முழுப் பயணத்துக்கும் ஒரே வாகனத்தைத் தேர்ந்தெடுக்கப் பார்க்கிறார்கள். செலவு ஏறுவது அதனால்தான். உங்கள் பயணத்தில் கும்பகோணத்திலிருந்து தாம்பரம் வரையிலான தூரம் ஒன்று, தாம்பரத்திலிருந்து விமான நிலைய வாசல் வரையிலான சுமார் 10 கிலோமீட்டர் வேறொன்று. முதலாவதற்கு மலிவான, வசதியான பொதுப் போக்குவரத்து இருக்கிறது. இரண்டாவதில்தான் பெட்டியும் படிக்கட்டும் அம்மாவின் முழங்காலும் குறுக்கே வருகின்றன. ஆகவே கார் வேண்டுமென்றால் அந்த 10 கிலோமீட்டருக்கு மட்டும் வையுங்கள் என்பதே என் ஆலோசனை.

முதலில் அந்த 8,500 ரூபாய் எப்படி வந்தது என்று பார்ப்போம். விக்கிரவாண்டி வழியாக விமான நிலையம் ஏறத்தாழ 280 கிலோமீட்டர். உள்ளூர் டிராவல்ஸ்காரர்கள் போகும் தூரத்தோடு வண்டி காலியாகத் திரும்பி வரும் தூரத்தையும் சேர்த்து 560 கிலோமீட்டருக்குக் கணக்குப் போடுவார்கள். கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்றால் 7,840 ரூபாய். அதோடு டிரைவர் பேட்டா 600 சேர்ந்தால் நீங்கள் சொன்ன தொகைக்கு வந்துவிடுகிறது. அவர் உங்களை ஏமாற்றவில்லை, அந்தத் தொழிலின் கணக்கே அப்படித்தான். திரும்பி வரும்போது நீங்கள் அதே காரில் வருவதால் ஓர் இருக்கையாவது பயன்படுகிறது, ஆனால் ஒருவருக்காக 280 கிலோமீட்டர் கார் வாடகை என்பது நியாயமான செலவாக எனக்குப் படவில்லை. ‘ஒன் வே டிராப்’ என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் ஒருவழித் தூரத்துக்கு மட்டும் வசூலிக்கின்றன; ஆயினும் அவற்றின் கிலோமீட்டர் கட்டணத்தோடு பேட்டாவையும் பரனூர் போன்ற இடங்களின் சுங்கக் கட்டணத்தையும் சேர்த்தால் 4,500 ரூபாய்க்குக் குறைவாக முடிவது அரிது. இரண்டு டிக்கெட்டிலும் சேர்த்து நீங்கள் மிச்சம் பிடித்தது 2,800 ரூபாய். எந்தக் காரை வைத்தாலும் அந்த மிச்சம் போவதோடு கையிலிருந்தும் போகிறது.

உங்கள் விமானம் இரவு 11.50 மணிக்குப் புறப்படுவது உண்மையில் உங்களுக்குச் சாதகமானது. வெளிநாட்டு விமானங்களுக்குப் பொதுவாக 3 மணி நேரத்துக்கு முன்பு கவுன்ட்டர் திறந்து, புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது மூடப்படும். அதாவது இரவு 8.30 மணியளவில் நீங்கள் முனைய வாசலில் நின்றால் போதும். இந்த நேரத்துக்கு அளவெடுத்ததுபோல் அமைந்திருப்பது திருச்சியிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, சிதம்பரம் வழியாக நாள்தோறும் பகலில் ஓடும் சோழன் விரைவு ரயில். நண்பகலையொட்டிக் கும்பகோணத்தில் ஏறினால் மாலையில் தாம்பரத்தில் இறங்கலாம். ரயில் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாலும் விமானம் தவறாது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த அம்சம். விமானத்தைப் பிடிக்கப் போகிறவர்கள் சாலையையோ ரயிலையோ நம்பும்போது இந்த அளவு இடைவெளியையாவது வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் குறைவாக வைத்துவிட்டு விழுப்புரத்தைத் தாண்டும்போது கடிகாரத்தைப் பார்த்துப் பதறுகிறவர்களின் தொலைபேசி அழைப்புகள் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதல்ல.

சோழனில் முன்பதிவு செய்த இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு ஆளுக்கு 200 ரூபாயைத் தாண்டாது. ஏசி பெட்டியில் போனால் அதைப்போல மூன்று மடங்கு அளவுக்கு ஆகும். பகல் நேரப் பயணம், அதுவும் வெயில் காலமாக இருந்தால், அம்மாவுக்கும் சித்திக்கும் ஏசி பெட்டியில் எடுப்பது வீண் செலவல்ல, ஏனென்றால் அதற்குப் பிறகு அவர்கள் இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டியிருக்கிறது. முதியோருக்கான கட்டணச் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட அந்தச் சலுகை திரும்ப வரவில்லை. முந்தின இரவு உழவன் விரைவு ரயிலில் ஏறி விடியற்காலை போய்ச் சேரலாம் என்ற யோசனையும் சிலர் சொல்வார்கள். அது காலை விமானத்துக்குப் பொருத்தமானது. இரவு 11.50 மணி விமானத்துக்கு அப்படிப் போனால் பகல் முழுவதும் தங்க ஓர் அறை எடுக்க வேண்டி வரும், அந்த வாடகையிலேயே ஏசி பெட்டிக்கான கூடுதல் கட்டணம் அடங்கிவிடும்.

இனி தாம்பரம். எழும்பூர் வரை போகவே கூடாது. விமான நிலையம் தாம்பரத்துக்கும் எழும்பூருக்கும் நடுவில் இருக்கிறது. எழும்பூர் போகிறவர் அதைக் கடந்துபோய் மறுபடியும் அதே வழியில் திரும்பி வர வேண்டும். விரைவு ரயில்கள் விமான நிலையத்துக்கு எதிரே உள்ள திரிசூலத்தில் நிற்பதில்லை என்பதால் தாம்பரமே உங்கள் நிலையம். எழும்பூர் நிலையத்தில் புனரமைப்பு வேலை நடப்பதையொட்டித் தென்மாவட்ட ரயில்கள் சில தாம்பரத்தோடு நிறுத்தப்பட்டதும் உண்டு. தாம்பரத்தில் இறங்கத் திட்டமிடும் உங்களுக்கு அதனால் பாதிப்பில்லை.

தாம்பரத்திலிருந்து போக இரண்டு வழி உண்டு. மின்சார ரயிலில் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்து திரிசூலம். நான்காவது நிறுத்தம், சுமார் கால் மணி நேரம், சாதாரண வண்டியில் 5 ரூபாய்க் கட்டணம். விமான நிலையம் போக மிக மலிவான வழிகளில் இது ஒன்று. 2025 ஏப்ரலிலிருந்து ஏசி மின்சார ரயிலும் இத்தடத்தில் ஓடுகிறது, அதில் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், ஆனால் அதற்காகக் காத்திருக்கும் அளவுக்கு வண்டிகள் அடிக்கடி இல்லை. மாலை நேரமாயிற்றே, கூட்டம் நெரியுமே என்று நீங்கள் நினைக்கலாம். மாலைக் கூட்டம் கடற்கரையிலிருந்து தாம்பரத்தை நோக்கி வருவது. நீங்கள் போவது எதிர்த்திசையில், ஆகவே உட்கார இடம் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். உங்கள் முன்பதிவுச் சீட்டு தாம்பரத்தோடு முடிந்துவிடுகிறது என்பதை மறந்து அப்படியே மின்சார ரயிலில் ஏறிவிடாதீர்கள். தனிச் சீட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் குறைந்தது 250 ரூபாய் அபராதம். கவுன்ட்டரில் நிற்காமல் ‘ரயில்ஒன்’ செயலியிலோ, பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் சேர்த்துக் கொண்டுவரப்பட்ட ‘சென்னை ஒன்’ செயலியிலோ எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் உங்கள் குடும்பத்துக்கு மின்சார ரயிலை நான் பரிந்துரைக்கப் போவதில்லை. வண்டி திரிசூலத்தில் அரை நிமிடம்கூட நிற்காது. அதற்குள் ஆளுயரக் கதவு வழியாக இரண்டு பெரிய பெட்டிகளை நீங்கள் இறக்க வேண்டும், முழங்கால் வலியுள்ளவர் தாமாக இறங்க வேண்டும். இறங்கிய பின், நிலையம் ஜி.எஸ்.டி. சாலைக்கு, அதாவது தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் பெருஞ்சாலைக்கு, கிழக்கிலும் விமான நிலையம் மேற்கிலும் இருப்பதால், சுரங்கப்பாதையில் படியிறங்கிச் சாலையைக் கடந்து மறுபக்கம் ஏற வேண்டும். அங்கிருந்து முனையம் வரை மறுபடியும் நடை. தோளில் ஒரு பையோடு போகும் இளைஞருக்கு இது சிரமமே இல்லை. நீங்கள் மூவரும் அந்தப் படிகளில் படப்போகும் பாட்டுக்கு விலை சுமார் 350 ரூபாய், அதாவது தாம்பரத்திலிருந்து முனைய வாசல் வரையிலான டாக்சிக் கட்டணம். இந்த இடத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

டாக்சியைச் செயலியில் பதிவு செய்யும்போது ஏறும் இடத்தை மேற்குத் தாம்பரம், ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் என்று சரியாகக் குறியுங்கள். நிலையத்துக்குக் கிழக்கு, மேற்கு என இரு வாசல்கள் உண்டு. செயலி தானாகவே கிழக்கு வாசலைக் காட்டிவிட்டால் வண்டி மேம்பாலம் சுற்றி வரவேண்டும், இல்லையென்றால் நீங்கள் பெட்டிகளோடு தண்டவாளத்துக்கு மறுபக்கம் போக வேண்டும். டிரைவரிடம் பன்னாட்டு முனையம் என்று சொல்லுங்கள். 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய கட்டடமே அது, இரண்டாம் முனையம் என்பார்கள். ஒன்றும் நான்கும் உள்நாட்டு விமானங்களுக்கானவை. வெறுமனே ‘ஏர்போர்ட்’ என்று சொல்லி, எண் மாறி வேறு வாசலில் இறங்கினால் அதற்கும் ஒரு நடை இருக்கிறது. மழை பெய்தால் செயலிகளில் கட்டணம் ஏறும். கையில் நேரம் இருப்பதால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்கலாம், அல்லது நிலையத்துக்கு வெளியே நிற்கும் வண்டியைப் பேரம் பேசி எடுக்கலாம். தாம்பரத்திலேயே சாப்பிட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. விமான நிலைய வளாகத்தில் மூன்று பேர் டிபன் சாப்பிடும் பணம் டாக்சிக் கட்டணத்தைத் தாண்டிவிடும்.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். சீட்டு எடுத்த இணையதளத்திலோ தொலைபேசியிலோ இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் போதும். டிக்கெட் இல்லாததால் நீங்கள் முனையத்துக்குள் போக முடியாது; கவுன்ட்டரிலிருந்து குடியுரிமைச் சோதனை வரை கூடவே வர ஓர் ஆள் கிடைப்பது, முதன்முறை போகும் இரு பெண்களுக்கு வரிசையில் நிற்காமல் இருப்பதைவிடப் பெரிய உதவி.

உங்கள் மாமா சொல்லும் பஸ் யோசனையைத் தள்ளிவிட முடியாது. கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு இரவு பகலாகப் பஸ் இருக்கிறது, முன்பதிவு கிடைக்கவில்லை என்ற கவலை இல்லை, சாதாரணப் பஸ்ஸில் கட்டணமும் ரயிலைவிட மிகக் கூடுதல் அல்ல. நேரம்தான் நிச்சயமில்லை. பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியான சாலையில் எந்த ஊரில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஏழு மணி நேரம் என்று நினைத்துப் புறப்பட்டு எட்டரை ஆவது சாதாரணம். வழியில் கழிப்பறை வசதியும் வண்டி நிற்கும் உணவகத்தைப் பொறுத்தது. 67 வயதுப் பெண்மணிக்கு ரயிலில் பெட்டிக்குள்ளேயே கழிப்பறை இருப்பது ஒன்றே என்னைப் பொறுத்தவரை போதுமான காரணம்.

இன்னொன்றும் இருக்கிறது. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பஸ் முனையம் திறக்கப்பட்டதற்குப் பிறகு தென்மாவட்டப் பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. முன்பெல்லாம் கோயம்பேடு போகும் பஸ் விமான நிலையத்தைத் தாண்டித்தான் போகும், கண்டக்டரிடம் சொல்லி வாசலிலேயே இறங்கிக்கொள்வார்கள். இப்போது கிளாம்பாக்கத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் மாநகரப் பஸ்ஸிலோ டாக்சியிலோ போக வேண்டும், அந்த டாக்சிக்குத் தாம்பரத்திலிருந்து போவதைவிட 150 ரூபாயாவது கூடும். மாநகரப் பஸ் என்றால் சாதாரணக் கட்டண வண்டியில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, அம்மாவும் சித்தியும் இலவசமாகவே போகலாம். தாம்பரம் பக்கமிருந்து வரும் பஸ் சாலையின் இடப்புறம், அதாவது விமான நிலையப் பக்கமே நிற்பதால் சாலையைக் கடக்கும் வேலையும் இல்லை. கைப்பையோடு மட்டும் போகிறவர்களுக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன். மாலை நேரத்தில் இரண்டு பெரிய பெட்டிகளோடு மாநகரப் பஸ்ஸில் ஏறுவது உங்களுக்கும் மற்ற பயணிகளுக்கும் கஷ்டம்.

மெட்ரோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் நண்பர் சொன்னது தவறான யோசனையல்ல, உங்கள் ஊருக்குப் பொருந்தாத யோசனை. விமான நிலையத்துக்கு மெட்ரோ 2016 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது. சென்னையில் எங்கிருந்து எங்கு போனாலும் கட்டணம் 50 ரூபாய்க்கு மேல் இல்லை, மின்தூக்கி இருக்கிறது, நிலையத்திலிருந்து முனையங்களுக்கு நடைபாதை இணைப்பும் உண்டு. கோவை, சேலம் பக்கமிருந்து சென்ட்ரலில் வந்து இறங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. எழும்பூர் நிலையமோ விமான நிலையத்துக்கு நேராகப் போகும் நீலத் தடத்தில் இல்லை, பச்சைத் தடத்தில் இருக்கிறது. ஆகவே அங்கிருந்து ஒரு நிறுத்தம் சென்ட்ரலுக்குப் பின்னோக்கிப் போய் வண்டி மாற வேண்டும், அல்லது கோயம்பேடு, ஆலந்தூர் வழியாகச் சுற்றி வர வேண்டும். மேலும் மெட்ரோ அதிகாலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணியோடு முடிகிறது; சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் அதிகமாகப் புறப்படுவதும் வந்திறங்குவதும் மெட்ரோ ஓடாத அந்த இடைவெளியில்தான். கிளாம்பாக்கம் வரை மெட்ரோவை நீட்டும் திட்டம் நிறைவேறினால் டெல்டாக்காரர்களுக்கு எல்லாமே மாறிவிடும். அதுவரை தெற்கேயிருந்து வருகிறவர்களுக்கு மெட்ரோ உதவாது.

கணக்கை முடித்துவிடலாம். மூவருக்கும் ஏசி பெட்டியில் ஏறத்தாழ 1,800, வீட்டிலிருந்து கும்பகோணம் நிலையத்துக்கு ஆட்டோ 150, தாம்பரத்திலிருந்து டாக்சி 350 என 2,300 ரூபாயில் போய்விடலாம். இரண்டாம் வகுப்பு என்றால் 1,100 ரூபாயே. அவர்கள் உள்ளே போனதும் நீங்கள் மட்டும் பெட்டியில்லாமல் இருப்பதால் திரிசூலத்தில் மின்சார ரயில் பிடித்துத் தாம்பரம் வந்துவிடலாம். இரவு 11 மணி வாக்கில் தாம்பரத்துக்கு வரும் உழவன் விரைவு ரயிலில் படுக்கை போட்டு வைத்திருந்தால் காலையில் கும்பகோணம். ஆனால் அவர்கள் குடியுரிமைச் சோதனை முடித்துவிட்டோம் என்று தொலைபேசியில் சொல்லும் வரை விமான நிலையத்தை விட்டு நகர வேண்டாம். சீட்டிலோ விசாவிலோ ஒரு சிக்கல் என்றால் அப்போது வெளியே ஓர் ஆள் வேண்டும். அதனால் உழவன் தவறினால் கிளாம்பாக்கத்தில் இரவு முழுவதும் பஸ் உண்டு.

திரும்பி வருவதுதான் கடினமான பகுதி. விமானம் 10.20 மணிக்கு இறங்கினாலும் சோதனை முடிந்து, பெட்டி வந்து, வெளியே வர 11.30 ஆகிவிடும். அந்த நேரத்துக்குக் கும்பகோணம் வழியாகப் போகும் இரவு ரயில்கள் தாம்பரத்தைத் தாண்டியிருக்கும். மிச்சமிருப்பது மூன்று வழிகள்.

டாக்சியில் கிளாம்பாக்கம் போய் இரவுப் பஸ் பிடிப்பது எல்லாவற்றிலும் மலிவு. டாக்சிக்கு 500 ரூபாயும் பஸ்ஸுக்கு, அழைத்துவரப் போகும் உங்களையும் சேர்த்து, மூவருக்கும் ஆயிரத்தையொட்டியும் ஆகும். விமானம் எப்போது இறங்கும் என்பது நம் கையில் இல்லை என்பதால், முன்பதிவு செய்தால் இரவு 1 மணிக்குப் பிந்திய பஸ்ஸில் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை இரவாகவோ பண்டிகைக்கு முந்தைய நாளாகவோ இருந்தால் முன்பதிவு இல்லாமல் அங்கே போய் நிற்காதீர்கள். விமான நிலையத்தில் செயலி டாக்சிகள் முனைய வாசலுக்கு வருவதில்லை, எதிரேயுள்ள பலமாடி வாகன நிறுத்தக் கட்டடத்துக்குப் போய்த்தான் ஏற வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கும்பகோணத்திலிருந்து இரவோடு இரவாகக் கார் வரவழைத்து அதிலேயே திரும்புவது இரண்டாவது வழி. பகலெல்லாம் ஓட்டி வந்த டிரைவர் இரவு 12 மணிக்கு மறுபடி புறப்பட்டு, விக்கிரவாண்டிக்குப் பிறகு தூக்கம் அழுத்தும் நேரத்தில் ஊர்ச் சாலையில் ஓட்டுவதை, செலவைக் காட்டிலும் பாதுகாப்புக்காகவே நான் வேண்டாம் என்பேன்.

உங்கள் அம்மாவும் சித்தியும் போன்றவர்களுக்கு நான் வழக்கமாக ஏற்பாடு செய்வது மூன்றாவதை. தாம்பரத்தில், நிலையத்துக்கு அருகில், ஒரு சுமாரான விடுதியில் அறை எடுத்துவிடுங்கள். 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும். நள்ளிரவில்தான் வருவோம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். நன்றாகத் தூங்கி எழுந்து, காலையில் எழும்பூரிலிருந்து திருச்சி போகும் சோழனில் தாம்பரத்தில் ஏறினால் மதியச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டிக் கும்பகோணம். பஸ்ஸைவிடச் செலவு கூடுதல்தான், காரில் பாதிகூட ஆகாது, விமானம் மூன்று மணி நேரம் தாமதமானாலும் எதுவும் தவறாது.

இப்போது டிக்கெட்டை மாற்றச் சொல்லவில்லை, ஆனால் பேரனையோ பேத்தியையோ பார்க்க அம்மா மறுபடியும் போவார்கள் என்பதால் திருச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. கும்பகோணத்திலிருந்து திருச்சி விமான நிலையம் 100 கிலோமீட்டருக்குள். போய்வர 200 கிலோமீட்டர் ஆனாலும் டிராவல்ஸ்காரர் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர் என்று கணக்கிடுவார். அப்படியும் பேட்டாவோடு 4,100 ரூபாய் அளவில் கார் முடிந்துவிடும். கார் வேண்டாமென்றால் தஞ்சாவூர் வழியாகத் திருச்சி போகும் பஸ்ஸில் டிவிஎஸ் டோல்கேட்டில் இறங்கினால், அங்கே பிரியும் புதுக்கோட்டைச் சாலையில் விமான நிலையம் சில கிலோமீட்டர்தான், ஆட்டோவிலேயே போய்விடலாம். புதிய முனையமும் 2024 ஜூனிலிருந்து செயல்படுகிறது, இரவில் காத்திருக்கச் சென்னையைவிட நெரிசல் குறைவு. ஆகவே அடுத்த முறை இரண்டு ஊர் விமானக் கட்டணத்தையும் ஒப்பிடும்போது, சென்னைக்கு நேராக, போக 2,300, வர அறை வாடகையோடு 4,000 என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள். பஸ்ஸிலும் ஆட்டோவிலும் போவதென்றால், இந்த முறை நீங்கள் மிச்சம் பிடித்த 1,400 ரூபாய் வித்தியாசத்துக்குத் திருச்சியே மலிவாக இருந்திருக்கும். ஆளுக்கு 3,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வந்தால் மட்டும் சென்னையை யோசிக்கலாம்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. உங்களுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருப்பதால், அந்த நாள் வந்ததும் காலை 8 மணிக்கே சோழனில் மூன்று இருக்கைகளை, கும்பகோணத்திலிருந்து தாம்பரம் என்று போட்டுப் பதிவு செய்துவிடுங்கள். அன்றே உங்கள் திரும்பும் பயணத்துக்கு உழவனில் ஒரு படுக்கையும். அவர்கள் வந்திறங்கும் நாளுக்கு மறுநாள் காலை சோழனுக்கு மட்டும் இன்னும் சில வாரம் கழித்துத் தனியாகப் பதிவு செய்ய வேண்டியிருக்கும், அந்தத் தேதியை இப்போதே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.